கொத்தனாரின் இரண்டரை சென்ட்

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகல் வேளையில், எங்கள் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நின்றார். வேலை நாளில், சாரத்தின்மேல் நிற்கவேண்டிய நேரத்தில், சலவைச் சட்டை அணிந்து வந்து நிற்கும் தொழிலாளியைக் கண்டால் எனக்குச் சற்றே அச்சம் உண்டாகும். ஒன்று, வீட்டில் சாவு. அல்லது, அரசாங்கக் காகிதம். அவர் கையில் இருந்தது காகிதம்.

அறுபதை நெருங்கிய மனிதர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அடித்த பின்னர் நாகப்பட்டினம் கடற்கரையோரம் எழுந்த குடியிருப்புகளில் எத்தனையோ சுவர்கள் அவருடைய கைவேலை. அவர் மீனவர் அல்லர். கரையிலிருந்து உள்ளே தள்ளிக் குடியிருந்தவர். ஆகவே அந்த வீடுகளில் ஒன்றும் அவருக்கு உரியதாகவில்லை. அதை அவர் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறர் மனையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு, சித்தாள் வேலைக்குச் செல்லும் மனைவியோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, அவ்வாண்டு மார்ச் மாதம் இரண்டரை சென்ட் நத்தம் மனை ஒன்றைக் கிரயம் செய்திருந்தார். நான்கு மாதம் ஆகியும் பத்திரம் கைக்கு வரவில்லை. அதற்கு மாறாக இந்தக் காகிதம் வந்திருந்தது.

“நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்காங்களா, சாமி?” என்று கேட்டார்.

காகிதத்தை வாங்கிப் படித்தேன். ‘படிவம் 1’ என்று தலைப்பு. ஆவணத்தில் சொத்தின் சந்தை மதிப்பு உண்மையாகக் காட்டப்படவில்லை என்று கருத இடமிருப்பதாகவும், 21 நாள்களுக்குள் தம் கருத்தைத் தெரிவிக்கலாம் என்றும் அதில் கண்டிருந்தது. ‘உண்மையாக’ என்ற சொல்லின் கீழே யாரோ பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள். பத்திர எழுத்தரிடம் காட்டியபோது அவர்தாம் கோடிட்டு, “இதுதான் விஷயம்” என்று சொல்லி அனுப்பினாராம். ஒரு ரூபாயும் கூட்டாமல் குறைக்காமல், கொடுத்த விலையையே எழுதிய மனிதருக்கு அந்த ஒரு சொல் எத்தகைய அடியாக விழுந்திருக்கும் என்பதை அவர் முகம் காட்டிற்று.

வாசகர் பலருக்கு இந்நடைமுறை தெரிந்திருக்கும். தெரியாதோருக்காகச் சிறிது சொல்கிறேன். நிலம் வாங்குவோர் பத்திரத்தில் எழுதும் விலைக்கு ஏற்ப அரசுக்கு முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும். விலையைக் குறைத்து எழுதித் தீர்வையை ஏய்ப்போர் உண்டு. அதனைத் தடுப்பதற்காக நம் மாநிலம் 1967-இல் இந்திய முத்திரைச் சட்டத்தோடு 47-அ என்னும் பிரிவைச் சேர்த்தது. 1968-இல் அதற்கான விதிகள் வந்தன. எழுதிய விலை குறைவு என்று சார்பதிவாளர் கருதினால், ஆவணத்தைப் பதிவு செய்துவிட்டு, மதிப்பைத் தீர்மானிக்கும்படி அதற்கென உள்ள தனித்துணை ஆட்சியருக்கு அனுப்பிவைப்பார். அவர் நிலத்தைப் பார்வையிட்டு, விசாரித்து, ஆணை பிறப்பிக்க வேண்டும். அதுவரை ஆவணம் நிலுவையில் இருக்கும். வாங்கியவர் கைக்கு வராது.

எது குறைவு என்று சார்பதிவாளர் எப்படி அறிவார்? அவரிடம் வழிகாட்டி மதிப்பு என்று ஒரு பட்டியல் உண்டு. தெருவாரியாகவும் புல எண்வாரியாகவும் விலை குறிக்கப்பட்டது. நம் கொத்தனாரின் மனை, கடைத்தெருவுக்குப் பின்னால், ஏழடி அகலச் சந்து ஒன்றின் கோடியில் கிடந்தது. மழை பெய்தால் கணுக்காலளவு நீர் நிற்கும். ஆனால் பழைய வரி ரசீதில் அதன் கதவிலக்கம் கடைத்தெருவின் பெயரில் இருந்தது. அவர் சதுர அடி 250 ரூபாய்க்கு வாங்கினார். 1,089 சதுர அடிக்கு 2,72,250 ரூபாய். கடைத்தெருவுக்குப் பட்டியல் காட்டிய மதிப்போ சதுர அடிக்கு 600. அக்கணக்கின்படி மனையின் மதிப்பு 6,53,400 ரூபாய் ஆகிறது. இடைவெளிக்கு உரிய முத்திரைத் தீர்வை மட்டும் 26,680 ரூபாய். அதைக் கட்டினால் பத்திரத்தை உடனே வாங்கிக்கொள்ளலாம் என்று எழுத்தர் சொல்லியிருந்தார். அப்போது தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 4 விழுக்காடு. ஆக 11 விழுக்காடு என்று 29,947 ரூபாயை முன்னமே கட்டியிருந்தார் மனிதர். அதற்குமேல் அவரிடம் ஒன்றும் இல்லை. அதற்குப் பின் பட்டியல்கள் மாறின; 2023-இல் பதிவுக் கட்டணமும் 2 விழுக்காடாகக் குறைந்தது. எனினும், ஒரே பெயருள்ள தெருவின் முகப்பும் சந்துக் கோடியும் ஒரே விலையாகிவிடும் இடர் பட்டியல்களின் இயல்பிலேயே இருப்பது. அதனால்தானே, வழிகாட்டி மதிப்பு பதிவு அலுவலருக்கு வழிகாட்டியே அன்றி முடிந்த முடிவன்று என்று உச்ச நீதிமன்றம் 2003-இலேயே தெளிவுபடுத்த நேர்ந்தது!

பத்திரம் ஏன் அத்துணை அவசரம்? வங்கிக் கடனுக்கு மூலப் பத்திரம் வேண்டும், நகல் செல்லாது. கடனோ செங்கல், சிமெண்டு, கம்பி, மணல் ஆகிய பொருள்களுக்கு மட்டும். கூலி என்று ஒரு காசும் அவர் கணக்கில் இல்லை. சுவர் அவர் எழுப்புவார். கலவை அவர் மனைவி சுமப்பார். தங்கை மகன் உதவுவான். இரண்டு அறை, ஓர் அடுக்களை, முன்புறம் சிறு திண்ணை. பங்கு இல்லத்தின் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் அவர் எனக்கு வரைந்து காட்டிய அந்தப் படம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

அவருக்கான பதிலை நானே எழுதினேன். குருமடத்தில் தர்க்கம் பயின்றவனுக்கு இத்தகைய வாய்ப்புகள் அரிதாகவே வருகின்றன. சந்தின் அகலம், நீர் தேங்கும் ஆழம், அண்டை மனைகளின் கிரய விலை என்று வரிசைப்படுத்தி, மூன்று பக்கங்களில் எழுதி, நகல் எடுத்து, பதிவு அஞ்சலில் அனுப்பினேன். முதல் அறிவிப்பு தந்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் இறுதி ஆணை வழங்கவேண்டும் என்பது விதி. ஆகவே செப்டம்பர் இறுதிக்குள் முடிந்துவிடும் என்று கொத்தனாருக்கு உறுதி கூறினேன். இப்படிப்பட்ட உறுதிகளைக் கூறும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னாளில் எண்ணிப் பார்த்ததுண்டு.

செப்டம்பர் சென்றது. அக்டோபரில் அவர் மீண்டும் வந்தார். தேநீர்க் கடையில் ஒருவர் அவரைச் சந்தித்துப் பேசினாராம். 8,000 ரூபாய் கொடுத்தால் கோப்பு தானாக நகரும், பதினைந்து நாளில் பத்திரம் கைக்கு வரும் என்று சொன்னாராம். அந்த ஆளுக்கு அலுவலகத்தோடு உண்மையிலேயே தொடர்பு உண்டா, வெறும் வாய்ச்சவடாலா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மனைவியின் தோட்டை அடகு வைத்துக் கொடுத்துவிடலாமா என்று கேட்கவே கொத்தனார் வந்திருந்தார்.

நான் கூடாது என்றேன்.

உறுதியாகவே சொன்னேன். உண்மை நம் பக்கம் இருக்கிறது, விதி நம் பக்கம் இருக்கிறது, எதற்காகக் கையூட்டு என்று கேட்டேன். ஒருவர் கொடுத்தால் அடுத்தவரும் கொடுக்கவேண்டி வரும் என்றும் சொன்னேன். இவையெல்லாம் சரியான சொற்களே. இன்று கேட்டாலும் இவற்றையே சொல்வேன். ஆனால் நான் அதைச் சொன்னபோது கான்கிரீட் கூரையின் கீழ், மின்விசிறிக் காற்றில் அமர்ந்திருந்தேன். “சரிங்க சாமி” என்று அவர் எழுந்து போனார்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்த இரவைப் பற்றி எழுதப் புகுந்தால் இக்கட்டுரை வேறாகிவிடும். தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்சாரம் பல நாள் இல்லை. எங்கள் பள்ளிக்கூடம் முகாம் ஆயிற்று. கொத்தனாரின் கொட்டகையில் நான்கு கால்களும் ஓர் அம்மிக்கல்லும் மிஞ்சின. தம்பதியர் இருவரும் மூன்று வாரம் ஐந்தாம் வகுப்பறையில் தங்கியிருந்தனர். பிறகு அதே இடத்தில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு திரும்பினர். புயலுக்குப் பின் ஊரெங்கும் ஓட்டு வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. டிசம்பர் மாதத்தில் ஒரு வீட்டுக்கு ஓடு மாற்றும்போது, உளுத்த கைமரம் முறிந்து அவர் கீழே விழுந்தார். வலது தோளும் முன்கையும் முறிந்தன. எலும்பு கூடியது, ஆனால் கை தோளுக்குமேல் உயரவில்லை. கொத்தனாருக்குத் தோளுக்குமேல் உயராத கை எதற்கு?

சனவரி மாதம் நான் நேரிலேயே அவ்வலுவலகத்துக்குப் புறப்பட்டேன். பேருந்து இரண்டு மாறவேண்டும். பேருந்தில் அமர்ந்து, என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே சென்றேன். வெண்ணிற அங்கியை வேண்டுமென்றே அணிந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வேலை செய்தது. வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தனர். விசுப்பலகையின் ஓரத்தில், மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். அலுவலக உதவியாளர் என்னைக் கண்டதும் நாற்காலி ஒன்றைக் கொணர்ந்து உள்ளே போட்டார். நானும் அமர்ந்துகொண்டேன். அந்த மூதாட்டியை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அலுவலர் முகாமில் இருப்பதாகச் சொன்னார்கள். என்னிடம் பேசியவர் அப்பிரிவின் எழுத்தர், நாற்பது வயதுள்ள ஒரு பெண்மணி. அவருடைய மேசையை மேசை என்று சொல்வதற்குச் சிறிது கற்பனை வேண்டும். கோப்புகளின் நடுவே ஒரு தாள் வைத்து எழுதும் அளவுக்கு இடம் இருந்தது. தரையில் சுவரோரமாகக் கட்டுக்கட்டாகத் துணியில் பொதிந்த ஆவணங்கள். நான் ஒத்திகை பார்த்த சொற்களைத் தொடங்கினேன். 1968-ஆம் ஆண்டின் விதிகள் மூன்று மாதம் என்று கூறுகின்றன. இப்போது ஏழு மாதம் முடிந்துவிட்டது. ஓர் ஏழையின் கூரை உங்கள் கோப்பில் இருக்கிறது என்றேன். கடைசி வாக்கியம் பேருந்திலேயே எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு, “தெரியும் ஃபாதர். அந்த விதிப் புத்தகம் இதோ, என் மேசையிலதான் இருக்கு” என்று எடுத்துக் காட்டினார். அட்டை கிழிந்து ஒட்டப்பட்டிருந்தது. சினமோ ஏளனமோ அவர் குரலில் இல்லை. மிகுந்த களைப்பு மட்டுமே இருந்தது.

அதன்பின் அவர் சொன்னவற்றை நான் கேட்டேன். அவ்வலுவலகத்தின் எல்லை ஒரு மாவட்டத்தோடு முடிவதன்று. வண்டி ஒன்று; அதற்கு ஓட்டுநர் சில நாள் உண்டு, சில நாள் இல்லை. அவருடைய பிரிவில் இருந்த மற்ற இரு இருக்கைகளில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். மற்றவர் புயல் நிவாரணக் கணக்கெடுப்புக்கு அனுப்பப்பட்டு இன்னும் திரும்பவில்லை. வருகிற ஆவணங்களைப் பதிவது, அறிவிப்பு அனுப்புவது, வந்த பதில்களைக் கோப்பில் சேர்ப்பது, நில ஆய்வுக்கு நாள் குறிப்பது, ஆணையைத் தட்டச்சு செய்வது, மேல்முறையீட்டுக்குச் சென்னைக்குக் கோப்பு அனுப்புவது, உயர் நீதிமன்ற வழக்குகளுக்கு எதிருரை தயாரிப்பது ஆகிய அனைத்தும் அந்த ஒரு நாற்காலியில் வந்து விழுந்தன. நீதிமன்றம் நாள் குறித்த கோப்புகள் முதலில் செல்லும். வழக்குப் போட வசதியற்றவரின் கோப்பு அடியில் கிடக்கும். “இது தப்புன்னு எனக்கும் தெரியுது ஃபாதர். ஆனா கோர்ட்டுக்குப் பதில் சொல்லலேன்னா சாரைக் கூப்பிட்டு நிறுத்திடுவாங்க.”

பிறகு அவர் செய்த ஒரு செயலே நான் இக்கட்டுரை எழுதக் காரணம். ஒரு கட்டை அவிழ்த்து, கொத்தனாரின் கோப்பைத் தேடி எடுத்தார். கட்டுகள் நான் நினைத்ததுபோல் வந்த வரிசையில் இல்லை, ஊர்வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அலுவலர் ஒரு திசையில் புறப்பட்டால், வழியிலுள்ள மனைகளையெல்லாம் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்பதற்காக அவராகவே செய்துகொண்ட ஏற்பாடு. “உங்க ஊர்ல இன்னும் நாலு இருக்கு. வந்தா அஞ்சையும் பார்த்துடுவாங்க. ஆனா எப்ப வருவாங்கன்னு நான் சொன்னா அது பொய்யாப் போயிடும்” என்றார். ஒவ்வோர் அட்டையின் மேல் மூலையிலும் பென்சிலால் சிறிய எழுத்தில் ஏதோ குறித்திருந்தது. ஒன்றில் ‘மகள் கல்யாணம் – தை’. ஒன்றில் ‘டயாலிசிஸ்’. ஒன்றில் ‘இரண்டு தடவை வந்துவிட்டார், முதியவர்’. விதிகளில் இதற்கு இடமில்லை, மை பேனாவால் எழுதினால் கேள்வி வரும், ஆகவே பென்சில். ஆய்வுக்குக் கோப்புகளைப் பொறுக்கும்போது அதைப் பார்த்துப் பொறுக்குவாராம்.

“இவருக்கு என்ன எழுத, ஃபாதர்?” என்று பென்சிலை எடுத்துக்கொண்டு கேட்டார்.

என் மூன்று பக்க மனு அந்தக் கோப்பினுள்ளேயே இருந்தது. அதில் சந்தின் அகலம் இருந்தது; நீரின் ஆழம் இருந்தது; வீடில்லாமல் இருக்கிறார் என்ற செய்தி எந்த வரியிலும் இல்லை. “வீடு இல்லை” என்றேன். அவர் ‘வீடு இல்லை – புயல்’ என்று எழுதிக்கொண்டார். வெளியே வந்தபோது மூதாட்டி அதே இடத்தில் இருந்தார். நான் வரும் முன்பிருந்தே காத்திருந்தவர்.

திரும்பும் பேருந்தில் எனக்கு நினைவுக்கு வந்தது என்னுடைய மேசை. எங்கள் மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயத்துக்காகச் சாட்சிகளை விசாரித்து வாக்குமூலம் பதிந்து அனுப்பும் பணி, எங்கள் மறைவட்டத்தில் எனக்கு அளிக்கப்பட்டிருந்தது. திருமணம் செல்லாதது என்று தீர்ப்பு வேண்டி ஓர் இளம்பெண் கொடுத்திருந்த வழக்கில் மூன்று சாட்சிகளை நான் கேட்கவேண்டியிருந்தது. அந்த உறை என்னிடம் வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1453-ஆம் சட்டம், முதல் நிலை நீதிமன்றத்தில் வழக்கு ஓராண்டுக்குமேல் நீளலாகாது என்று பணிக்கிறது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இவ்வழக்குகளைச் சுருக்குவதற்காகவே, இரண்டாவது நீதிமன்றமும் ஒத்துத் தீர்ப்பளிக்கவேண்டும் என்றிருந்த கட்டாயத்தை நீக்கினார். சட்டப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், நானும் என் மேசையிலிருந்து எடுத்துக் காட்டியிருப்பேன்.

காரணங்கள் எனக்கும் இருந்தன. பங்கோடு மூன்று கிளைக் கிராமங்கள், பள்ளியின் தாளாளர் பொறுப்பு, திருவிழா, புயல். ஒன்றும் பொய்யன்று. சோம்பி இருந்ததாக என்னை யாரும் குற்றம் சாட்டமுடியாது. இரவு பத்து மணிக்கு முன் நான் படுத்த நாள்கள் குறைவு. எனினும் அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர அன்று முயன்று பார்த்தேன், வரவில்லை. உறையின் நிறம் மட்டுமே வந்தது.

அந்த வாரமே சாட்சிகளைத் தேடிச் சென்றேன். வழக்கின் உள்ளடக்கம் இங்கே பேசத்தக்கதன்று. பெண்ணின் தாயார் வீட்டில் எனக்கு மோர் கொடுத்தார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர், “உங்களுக்கு எவ்வளவு வேலையோ சாமி, எங்களுக்குத் தெரியாதா” என்றார். அலுவலகத்தில் நான் அந்த எழுத்தருக்கு வழங்காத சலுகை அது. அதைப் பெற்றுக்கொள்ள எனக்குக் கூசியது. ஆனாலும் மோரைக் குடித்தேன்.

அந்நாள்களில்தான் லேவியர் நூலின் கடைசி அதிகாரத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். குருமடத்தில் எங்கள் பேராசிரியர் அந்நூலில் பதினாறாம், பத்தொன்பதாம் அதிகாரங்களை விரித்துரைத்துவிட்டு, இருபத்தேழாம் அதிகாரத்தைப் பிற்சேர்க்கை என்று சொல்லித் தாண்டிச் சென்றார். தேர்வுக்கும் அது வரவில்லை. அதில், ஒருவர் தம் வீட்டை ஆண்டவருக்கென நேர்ந்துகொண்டால் அதன் மதிப்பைக் குறிக்கவேண்டியவர் குரு. வீடு நல்லதோ தீயதோ, அவர் குறித்த மதிப்பே நிற்கும். வயலை நேர்ந்தால் அதற்கு வேறு கணக்கு. விதைப்பின் அளவையும் யூபிலி ஆண்டுக்கு எஞ்சிய ஆண்டுகளையும் கொண்டு மதிப்பிடவேண்டும். ஆக, நில மதிப்பீடு எங்களுக்குப் புதிய தொழிலன்று! அதே அதிகாரத்தில், குறித்த தொகையைச் செலுத்த இயலாத ஏழைக்கு ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. அவரைக் குருவின் முன் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். குரு அவருடைய இயல்புக்கு ஏற்ப மதிப்பிடுவார். ஆள் கண்முன் வந்து நிற்கவேண்டும் என்பதை முப்பது ஆண்டுகளாக நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன்.

அதன்பின் என் மேசையிலும் பென்சில் வந்தது. உறையின் மூலையில், காத்திருப்பவர் யார், எதற்காக என்று இரண்டு சொல். கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலிக்குச் செல்லும் நாளில் அவ்வூர்க் காகிதங்களை ஒரே பையில் எடுத்துச் செல்வதையும் பழக்கிக்கொண்டேன். வேலை குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சில வாரங்களில் பென்சில் குறிப்பைப் பார்த்துக்கொண்டே உறையைக் கீழே தள்ளிய நாள்களும் உண்டு.

கொத்தனாரின் கோப்பு சனவரியில் நகரவில்லை. அடுத்துத் தேர்தல் பணி வந்தது. 2019 ஏப்ரல் 18-இல் வாக்குப்பதிவு முடிந்து, மே மாதம் எண்ணிக்கையும் முடிந்து, ஜூன் மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலர் வந்தார். சந்தில் வண்டி நுழையவில்லை. இறங்கி நடந்தே வந்தார். நாடாவால் சந்தை அளந்தார். அண்டை வீட்டாரிடம் அவர்கள் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று விசாரித்தார். சுவரில் நீர் நின்ற கறையைத் தாமே கண்டு, குனிந்து, குறித்துக்கொண்டார். பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்துக்காக ஓராண்டா என்று என் நாவின் நுனிவரை வந்தது. காலை முதல் ஏழு மனை பார்த்துவிட்டதாகவும் இன்னும் சாப்பிடவில்லை என்றும் உடன் வந்த உதவியாளர் சொன்னார். கொத்தனாரின் மனைவி இளநீர் கொண்டுவந்தார். அலுவலர் வேண்டாம் என்று மறுத்துவிட்டு வண்டிக்கு நடந்தார். மறுத்தது முறையே, ஆனால் அந்த அம்மாளுக்கு அது வருத்தம்.

செப்டம்பரில் ஆணை வந்தது. சதுர அடிக்கு 320 ரூபாய். 3,48,480 ரூபாய் சந்தை மதிப்பு; குறைவுத் தீர்வை 5,336 ரூபாயும் அதற்கு உரிய வட்டியும். நியாயமான மதிப்பு என்றே நான் நினைக்கிறேன். 26,680 கேட்கப்பட்ட இடத்தில் 5,336. தேநீர்க் கடைக்காரர் கேட்டதோ 8,000! இந்த எண்களை ஒரு ஞாயிறு மறையுரையில் வெற்றிக்களிப்போடு எடுத்துக்காட்டினேன். பொறுமைக்கும் நேர்மைக்கும் கிடைத்த பரிசு என்ற பொருளில் பேசினேன். மூன்றாம் வரிசையில் கொத்தனார் அமர்ந்திருந்தார், வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டு. அந்த உதாரணத்தை அதன்பின் நான் கூறியதில்லை.

பத்திரம் நவம்பரில் கைக்கு வந்தது. 2020 பிப்ரவரியில் வங்கி கடன் வழங்கியது. முன்பு பேசிய அதே தொகை. கடைக்கால் தோண்டினார்கள். மார்ச் இறுதியில் ஊரடங்கு. கம்பியும் சிமெண்டும் விலை ஏறின. அதைவிடப் பெரிய செலவு, கூலி. அவர் கை செய்யவேண்டிய வேலையைப் பிறர் செய்தனர். பொருள்களுக்கென்று வாங்கிய கடனில் பெரும்பகுதி கூலிக்குச் சென்றது. இரண்டு அறை ஓர் அறையாயிற்று, திண்ணை இல்லை. 2021-இல் கூரைக்குக் கான்கிரீட் போட்டார்கள்.

வீட்டை மந்திரிக்கச் சென்றபோது, சடங்கு முடிந்து எல்லாரும் பந்திக்கு எழுந்த பிறகு, கொத்தனார் என்னை உள்ளறைக்கு அழைத்துச் சென்றார். அலமாரி மாடத்திலிருந்து தம் பழைய தூக்குக்குண்டை எடுத்தார். நூல் புதியது. “இதை மேலே பிடிங்க சாமி, எனக்குக் கை எட்டாது” என்றார். கட்டையைச் சுவரோடு சேர்த்து உயரப் பிடித்துக்கொண்டேன். குண்டு ஆடி ஆடி நின்றது. அவர் தரையில் குந்தி அமர்ந்து, ஒரு கண்ணை மூடி, நூலுக்கும் சுவருக்கும் இடையில் விரலை வைத்துப் பார்த்தார்.

“அரை அங்குலம் சாயுது.”

அவரிடம் கேட்கவேண்டிய ஒன்று மூன்று ஆண்டுகளாக என்னிடம் இருந்தது. அன்று கொட்டகைக்காரரிடம் தோட்டை அடகு வைக்கவேண்டாம் என்று நான் தடுக்காமல் இருந்திருந்தால் என்று தொடங்கும் கேள்வி. கையை உயர்த்தியபடியே நின்றுகொண்டிருந்தேன், கேட்கவில்லை.

“இருக்கட்டும் சாமி, பூச்சுல சரிபண்ணிக்கலாம்” என்று சொல்லி, இடக்கையால் நூலைச் சுற்றத் தொடங்கினார்.